துவாய்க்குக் கீழே இருந்த கை

அவருடைய கைகளைப் பற்றித்தான் முதலில் எழுதவேண்டும். வலது கை எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். தேநீர் கொடுக்கும், கதிரையைக் காட்டும், மைக்கைத் துடைக்கும். இடது கையை ஒரு நீலத் துவாய்க்குக் கீழே வைத்திருப்பார். பாட்டு நடக்கும் நேரம் முழுவதும் அது வெளியே வராது.

பரந்தன் சந்தியிலிருந்து சற்று உள்ளே, ஒருகாலத்தில் உரமூடைகள் அடுக்கி வைத்திருந்த தகரக் கூரைக் கட்டடம் ஒன்றில், மாதம் ஒரு முறை அவர் கரோக்கே நடத்தினார். இசை மட்டும் ஸ்பீக்கரில் போகும். வரிகள் தொலைக்காட்சித் திரையில் ஓடும். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய்ப் பாடவேண்டும். அவருடைய கணவர் கலியாண வீடுகளுக்கும் கோயில்களுக்கும் சவுண்ட் செற் வாடகைக்கு விட்டவர். கணவர் காலமானபின் பெட்டிகளையும் சீடிகளையும் இவர் விற்கவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நாங்கள் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம்.

பௌர்ணமி வரும் போயா நாளைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். அன்று விடுமுறை, அன்று பார்கள் பூட்டு. முதல் நாளே வாங்கி வைத்துக் குடிப்பவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. அது பிழைக்கவில்லை. தள்ளாடிக்கொண்டு வந்து மைக்கைப் பறித்த ஒருவரையும் அந்த மண்டபத்தில் நான் காணவில்லை.

காசு வாங்காமல் இதை ஏன் செய்கிறார் என்பதுதான் ஊரின் முதல் கேள்வி. பிரதேச சபைக்கு நிற்கப்போகிறார் என்றார்கள் சிலர். பைப் கடை நானா வேறு விதமாகச் சொன்னார். சந்தியில் குழாயும் தண்ணீர் மோட்டாரும் விற்பவர் அவர். சொந்த இடம் முல்லைத்தீவு. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். "பாருங்கோ, வாற மாசம் ஒவ்வொரு கதிரையிலயும் ஒரு இன்சூரன்ஸ் பேப்பர் இருக்கும்." வாற மாதமும் இருக்கவில்லை, அதற்கடுத்த மாதமும் இருக்கவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

அதற்கு மேலே, வீடியோ எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடினால் யாரென்று தெரியாத ஒருவர் ஓரமாக நின்று படம் எடுப்பார். அதற்கு நாங்கள் பழகிப்போனவர்கள். படமே எடுக்கவேண்டாம் என்ற ஒருவரைப் பார்த்தபோது எங்களுக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

மற்ற ஒழுங்குகளையும் அவர் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. பிழை விடும்போது சொல்லித்தருவார். மைக்கை இரண்டு கையாலும், பிடி வாங்குபவர் பக்கம் இருக்கும்படி கொடுக்கவேண்டும். முதல் தரம் என் முறை வந்தபோது நான் அதை ஊதிப் பார்த்தேன். "என்ன தம்பி, அடுப்பே ஊதுறீங்கள்?" என்றார். கதிரையில் இருப்பவர்கள், எவ்வளவு தெரிந்த பாட்டானாலும், கூடச்சேர்ந்து பாடக் கூடாது. எல்லோரும் ஒரு முறை பாடி முடிக்கும்வரை யாரும் இரண்டாவது பாட்டுக் கேட்கக் கூடாது. பெயர் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. இசை முற்றாக ஓயுமுன்பே கைதட்டத் தொடங்கிவிட வேண்டும். பாடினவர் ஒரு கணம்கூட அமைதிக்குள் தனியே நிற்கக் கூடாது. தொண்டை சரியில்லை என்று பீடிகை போடுவதும் தடை. "சரியில்லாட்டி எங்களுக்கே தெரியும்தானே. பிறகு ஏன் சொல்லுறியள்?"

யாராவது தயங்கி நின்றால் ஒரே ஒரு வசனம்தான் சொல்வார்: "நீங்கள் பாடுங்கோ. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

அந்த மிச்சம் என்ன என்பதில்தான் எனக்குக் கண் விழுந்தது.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மழை அளப்பவன். மழைமானியை வாசிப்பதும் குளத்தின் நீர்மட்டத்தைப் பதிவதும் என் வேலை. வீட்டில் நாட்குறிப்பும் எழுதுவேன். ஒருவர் சொல்வதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று.

முதல் போயாவுக்கு நானும் மனைவியும் சேர்ந்து போகவில்லை. விடுமுறையானாலும் குளத்து மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் வரவேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பாடி முடித்துத் தன் கதிரையில் இருந்தாள். மண்டபம் விசித்திரமான அமைதியில் இருந்தது. அக்கா அடுத்தவரைக் கூப்பிட்டார். அவர் கும்பிட்டுவிட்டு எழும்பாமலே இருந்தார். பைப் கடை நானா வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்து, மழை இருட்டுது, வெளிக்கிடுவம் என்றார். ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் போய்விட்டார்கள். மைக்கை அக்கா தனியே துடைத்துக்கொண்டிருந்தார்.

வழியில் மனைவியிடம் எப்படிப் பாடினாய் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பாடினன் எண்டு நினைக்கிறன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

அடுத்த நாள் காலை மழைமானியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. அவள் எப்படிப் பாடியிருப்பாள் என்பதை நான் அதிலிருந்து ஊகித்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

அக்கா எங்கள் வீட்டுக்கு ஒரு முறை சாப்பிட வந்தார். அன்று மரவள்ளிக் கறியில் உப்புக் கூடிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தரமும் கறி வாங்கினார், சோறு மட்டும் கூடுதலாகப் போடச் சொன்னார். "சோறு நல்லா வெந்திருக்கு பிள்ளை" என்று பாராட்டிவிட்டுப் போனார். மனைவி மகிழ்ந்துபோனாள். பிறகு நான் கறியை வாயில் வைத்தேன். இவ்வளவு லாவகமாக மறைக்கத் தெரிந்த ஒருவர் வேறு எதையெல்லாம் மறைப்பார் என்று அன்றிரவு யோசித்தேன்.

முரசுமோட்டைச் சகோதரர்கள் விஷயம் இன்னும் மோசம். வாய்க்கால் தண்ணீர் முறையில் பிணங்கி, பல போகங்களாக முகம் பார்க்காமல் இருந்தவர்கள். ஒரு போயாவில் இருவரும் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் இருந்தார்கள். அக்கா மூத்தவரிடம் போய் ஏதோ சொன்னார். பிறகு இளையவரிடம் போய் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் இருவரும் எழுந்து ஒரே பாட்டை ஆளுக்கு ஒரு வரியாகப் பாடினார்கள். பலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் துடைக்கவில்லை, விசாரித்தேன். உங்கட தம்பி உங்களோட பாட ஆசைப்படுறார் என்று மூத்தவரிடம் சொல்லியிருக்கிறார். உங்கட அண்ணை உங்களோட பாட ஆசைப்படுறார் என்று இளையவரிடம் சொல்லியிருக்கிறார். இருவரும் அப்படி ஒன்றும் கேட்டிருக்கவில்லை. முழுப் பொய், இரண்டு பிரதியில்.

"இப்ப அவை ஒண்டாத் தண்ணி கட்டினம்தானே" என்றார் நானா. "உங்களுக்கு அதில என்ன நட்டம்?"

எனக்கு நட்டம் இல்லை. ஆனால் பொய்யென்று தெரிந்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒரு போயாவில் கதிரை அடுக்க நேரத்தோடு போனேன். அக்கா பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். மேசையில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியில் துவாய் இல்லை. மேலும் கீழும் தள்ளுகிற மூன்று கட்டைகளை அப்போதுதான் பார்த்தேன். ஒன்றைக் கீழே இழுத்தார், மைக்கின் சத்தம் தேய்ந்தது. இன்னொன்றை இழுத்தார், இசை தேய்ந்தது. மூன்றாவதை மேலே தள்ளினார். சீடியில் பாட்டை முதலில் பாடியவரின் குரலே அப்படியே வந்தது. அந்தக் காலத்துக் கரோக்கே சீடிகளில் ஒரு பக்கம் இசையும் மறுபக்கம் குரலுமாக இருக்கும் என்று எனக்குப் பிறகு தெரியவந்தது. என்னைக் கண்டதும் துவாயைப் போட்டு மூடினார்.

"தூசு, தம்பி" என்றார்.

அன்று நானா பாடும்போது காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். உச்சத்துக்குப் போகும் இடத்தில் அவருடைய குரல் வழக்கமாக உடையும். உடையவில்லை. அதற்கு அடியில், நிழல் போல, வேறொரு குரல் மெல்ல ஓடியது. துவாய் அசைந்தது. மேசை பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தபடியால் அவருக்கு ஒன்றும் தெரியாது. நானா முகமெல்லாம் வெளிச்சமாக இறங்கி வந்து என் காதுக்குள் சொன்னார்: "இண்டைக்குத் தொண்டை பிடிச்சிட்டுது."

அதன்பின் எல்லோருக்கும் நடப்பதைக் கண்டேன். இவருக்குக் கொஞ்சம், அவருக்குக் கூட. வீடியோத் தடையின் காரணமும் விளங்கியது. வீட்டில் போட்டுக் கேட்டால் தன் குரலோடு இன்னொரு குரலும் வருவது பிடிபட்டுவிடும். என் பாட்டுக்கு அந்தக் கை தேவைப்பட்டிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மனைவி பாடும்போதுதான் துவாய் மற்ற எல்லோரையும்விடக் கூடுதலாக அசைந்தது. பல்லவியில் அசைந்தது, சரணத்தில் அசைந்தது, குரல் எழும்பும் ஒவ்வோர் இடத்திலும் அசைந்தது. அவள் மெலிதான, சுமாரான குரலில் பாடிவிட்டு வருவாள். எல்லோரும் அளவாகக் கைதட்டுவார்கள். இவ்வளவு முண்டு கொடுத்தும் இவ்வளவுதானா என்று எனக்குள் வருந்துவேன்.

அது எனக்குள்ளேயே இருந்திருக்கும். ஆனால் வவுனியாவில் அவளுடைய அண்ணன் மகளுக்குக் கலியாணம் வந்தது. அண்ணன் தொலைபேசியில், நீ பரந்தனில பாடுறியாமே, வரவேற்பில ஒரு பாட்டுப் பாடவேணும் என்று கேட்டுவிட்டார். மனைவி ஓம் சொல்லிவிட்டாள். வாழ்க்கையில் ஒருவரும் அவளிடம் பாடச் சொல்லிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து குசினியில் நாள் முழுக்க அந்தப் பாட்டை முணுமுணுத்தாள்.

கலியாண மண்டபத்தில் அந்த மேசையும் இராது, துவாயும் இராது. முழுச் சொந்தபந்தமும் கதிரைகளில் இருக்கும். அவளை அங்கே போய் நிற்க விடுவதா, நிறுத்துவதா? நிறுத்துவதென்றால் காரணம் சொல்லவேண்டும். உன் குரல் உன்னுடையதல்ல என்று சொல்லவேண்டும்.

கலியாணத்துக்கு முந்திய போயாவில், எல்லோரும் போனபின் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இவ பாடேக்கை உங்கட கை கூடுதலா வேலை செய்யுதே?"

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். வயரைச் சுற்றிக்கொண்டே, "ஓம்" என்றார்.

"கலியாண வீட்டில அந்தக் கை இராது."

"இராது." வயரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவாவைப் பாட விடுங்கோ தம்பி."

 இன்னாருக்கு இவ்வளவு கை கொடுத்தேன் என்று சொல்வது அந்த இடத்து மரியாதை அல்ல என்பதுபோல் விளக்கை அணைத்தார். உப்புக் கறிக்குச் சொன்ன அதே மாதிரிப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கலியாண வீட்டில் பாடித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டேன். துருவலை நிறுத்தினாள்.

"ஏன், நான் பாடினா உங்களுக்கு வெக்கமா இருக்கோ?"

"அப்பிடி இல்லை. சனம் சும்மா கதைக்கும்."

அவள் திரும்பவும் துருவத் தொடங்கினாள். அன்றிலிருந்து குசினியில் முணுமுணுப்புக் கேட்கவில்லை. வவுனியாவுக்கு வெளிக்கிடும் நாளன்று, சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அண்ணைக்குச் சொன்னது சொன்னதுதான். பாடுவன்."

மண்டபத்தில் சவுண்ட் செற்றுக்கு இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். ஒருவன் மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு ஒற்றைக் கையால் நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பிள்ளைகள் ஓடித்திரிந்தார்கள், கடைசி வரிசையில் காணி வழக்கொன்றைப் பற்றிய கதை நடந்தது. நான் கதிரையின் நுனியில் இருந்தேன். குரல் உடைந்தவுடனே கைதட்டத் தொடங்கி முடிவைக் கெதிப்படுத்திவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

குரல் உடையவில்லை. அது அவள் வாயிலிருந்து வருகிறது என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அகலமான, அடியில் கனம் உள்ள குரல். எங்கேயும் அவசரப்படாமல் ஏறி, ஏறிய இடத்தில் வசதியாக நின்றது. காணி வழக்குக் கதை நின்றது. கேசரித் தட்டோடு வந்தவர் வரிசைக்கு நடுவே தட்டை ஏந்தியபடி நின்றார். இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. இசை ஓய்ந்தது. நான் கைதட்ட மறந்துபோனேன்.

திரும்பும்போது பஸ்ஸில், மாங்குளம் தாண்டியபிறகு அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அக்காட மைக்கில ஏன் இப்பிடி வாறேல்லை? அங்க வாயைப் பொத்திக்கொண்டு பாடுற மாதிரி இருக்கும். என்ர தொண்டைதான் அப்பிடியாக்கும் எண்டு நினைச்சனான்."

கட்டைகள் மூன்று. நான் பார்த்தது துவாய் அசைந்ததை மட்டும்தான். எந்தக் கட்டை என்று பார்க்கவில்லை. மேலேயா கீழேயா என்றும் பார்க்கவில்லை. அளப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அது போதவே போதாது. கிளிநொச்சி வரும்வரை யோசித்துவிட்டு, கண்டதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். 

அடுத்த போயாவுக்கு இருவரும் நேரத்தோடு போனோம். அக்கா இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தைக் கண்டதும் உலக்கையை வைத்தார்.

"என்ர குரலைக் குறைச்சனீங்களே அக்கா?"

"ஓம் பிள்ளை."

"ஏன்?"

"முதல் நாள் ஞாபகம் இருக்கே? நீர் பாடி இருந்தாப் பிறகு ஒருத்தரும் எழும்பேல்லை. மழை வருதாம் எண்டு போயிட்டினம்." என்னைப் பார்த்தார். "மழை வந்ததே தம்பி?"

இல்லை என்றேன்.

"அண்டைக்குப் போனவை திரும்பி வரமாட்டினம் எண்டு பயந்திட்டன். இந்தச் சனம் வாய் திறக்கிறதே பெரும்பாடு. அதுதான் ஆக்களை ஒரு மட்டத்துக்கு வைச்சிருந்தன்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டிருந்தா நீர் பாடாமலே விட்டிருப்பீர்."

"விட்டிருப்பன். அது என்ர விருப்பம் அக்கா."

அக்கா இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றார். அவர் அப்படி நின்றதை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. மனைவி மேசைக்குப் போய் நீலத் துவாயை எடுத்தாள். உதறி, நாலாக மடித்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். அக்காவும் இரண்டு கையாலும் வாங்கினார்.

ஆட்கள் வந்தார்கள். மிக்சரில் துவாய் இல்லாததைக் கண்டும் தங்கள் கதிரைகளில் போய் இருந்தார்கள். மனைவியின் பெயர் முதலில் வந்தது. அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அவள் வவுனியாவில் பாடிய பாட்டையே பாடினாள். முன்பு அந்த உரக் கட்டடத்தில் அடங்கி ஒலித்த குரல் இன்று தகரத்தில் போய் முட்டித் திரும்பியது.

முடிந்ததும் கைதட்டல் வந்தது. பிறகு எனக்குத் தெரிந்த அதே அமைதி வந்தது. முரசுமோட்டைச் சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நானா எழுந்து வாசலுக்குப் போய் மேலே பார்த்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. என்றாலும் சைக்கிள் பூட்டின் திறப்பைக் கையில் எடுத்தார்.

"தம்பி, நீங்கள் வாங்கோ" என்றார் அக்கா.

என்னைத்தான். பெயர் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. முன்னுக்குப் போய் மனைவியிடமிருந்து மைக்கை வாங்கினேன். அவளுடைய கைச்சூடு அதில் இருந்தது. இந்த மண்டபம் இனி நடக்குமா நடக்காதா என்பது என் தொண்டையில் தொங்குகிறது என்று விளங்கியது. அந்தத் தொண்டையை நான் அதுவரை அளந்து பார்த்ததில்லை. இசை தொடங்குமுன் திரும்பிப் பார்த்தேன். பாடுபவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்கா மூன்றாவது கட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விரல் பட்டுப் பட்டுப் பளபளத்த ஓர் இடம் அதில் இருந்தது. கேட்கிறார் என்று தெரிந்தது. அவர் ஒருவரிடம் கேட்டது அதுதான் முதல் தரம்.

எல்லோரும் பார்க்க, பெருவிரலையும் சுட்டுவிரலையும் கிட்டப் பிடித்துக் காட்டினேன். கொஞ்சம்.

மண்டபம் சிரித்தது. கதிரையில் இருந்து மற்றவர்களின் பாட்டைக் கேட்ட எல்லோருக்கும் அந்தக் கையைப் பற்றி முன்பே தெரிந்துதான் இருந்திருக்கிறது. நானா வாசலிலிருந்து திரும்பி வந்தார். "அக்கா, எனக்கு முழுக்க விடுங்கோ. நான் வாயை மட்டும் ஆட்டுறன்" என்று சொல்லிக்கொண்டு கதிரையில் இருந்து, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அதற்குப் பிறகும் பல போயாக்கள் நடந்தன. ஒவ்வொருவரும் பாடுமுன் திரும்பி விரலால் அளவு காட்டுவது வழக்கமாகிப் போனது. மனைவி மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டாள். அவளைக் கடைசியில் கூப்பிடுவார்கள். அது அவளே சொன்ன ஒழுங்கு. பின்னர் அக்கா மகளோடு இருக்க வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டடத்தில் இப்போது உழவு இயந்திர உதிரிப்பாகம் விற்கிறார்கள்.

நான் காட்டியது கொஞ்சம். அவர் அன்று எவ்வளவு தந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உச்சத்துக்குப் போன இடம் உடையவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்த நாளைப் பற்றிக் கதை வந்தால் மனைவி, "அண்டைக்கு நல்லாத்தான் பாடினீங்கள்" என்பாள்.

அவள் அதைச் சொல்லும்போது நான் அவள் கையைப் பார்ப்பேன்.